டி.வி. சுந்தரம் ஐயங்கார் நினைவு நாள்: ஊருக்குப் பஸ் விட்டவர், வீட்டை எப்படி நடத்தினார்?

வெளிவீதி எழுதியது:

ஏப்ரல் 28 நெருங்குகிறது. 1955ல் அந்தத் தேதியில், ஒரு வியாழக்கிழமை, டி.வி. சுந்தரம் ஐயங்கார் கொடைக்கானலில் தூக்கத்திலேயே காலமானார். வயது 78. மதுரை மேலவெளி வீதிப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அவர் தொடங்கிய டி.வி.எஸ். வெறும் கம்பெனிப் பெயர் இல்லை. எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அந்தச் சம்பளத்தில்தான். எங்கள் தாத்தா அங்கே ஒர்க் ஷாப்பில் பிட்டராக இருந்தவர். வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுந்தரம் ஐயங்கார் படமும் மாட்டியிருக்கும். பொட்டு வைக்க மாட்டார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது அதையும் துடைப்பார்கள்.

இன்றைக்கு டி.வி.எஸ். என்றால் பையன்களுக்கு பைக். அவர்களுடைய அப்பாக்களுக்கு மொபெட். தாத்தாக்களுக்கு பஸ். அந்த பஸ்ஸில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

1877 மார்ச் 22ல் பிறந்தவர். அவருடைய அப்பா இவரை வக்கீலாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். கொஞ்ச காலம் வக்கீல் தொழில், அப்புறம் ரயில்வே, அப்புறம் பேங்க். அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் இதற்குமேல் என்ன வேண்டும்? மாதம் பிறந்தால் சம்பளம், தெருவில் மரியாதை. 1911ல் அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது அவருக்கு 34 வயது, குடும்பஸ்தர். அன்றைய மதுரையில் வியாபாரம் என்றால் நாடார்கள், செட்டியார்கள், சௌராஷ்டிரர்கள். ஒரு ஐயங்கார் மோட்டார் வண்டியை நம்பி இறங்குவதைச் சொந்தக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1912ல் பஸ் ஓட ஆரம்பித்தது.

பஸ் விட்டதைவிட, நேரத்துக்கு விட்டதுதான் பெரிய காரியம் என்பார் தாத்தா. அதுவரை வண்டி என்றால் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். ஜட்காவும் அப்படித்தான், ஆரம்பகால மோட்டாரும் அப்படித்தான். இவர் வண்டி, ஒரே ஒரு ஆள் ஏறியிருந்தாலும் மணி அடித்தால் கிளம்பிவிடும். வழியில் இருக்கிற கிராமங்களில் டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்ற கதை மதுரைப் பக்கம் கேட்காதவர்கள் இல்லை.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். மனைவி லட்சுமி அம்மாள். ராஜம், சந்தானம், சீனிவாசன், துரைசாமி, கிருஷ்ணா என்று ஐந்து மகன்கள். முதலாளி வீட்டுப் பிள்ளை என்று யாரையும் நேராக நாற்காலியில் உட்கார வைக்கவில்லை, கிரீஸ் ஒட்டிய கையோடுதான் வேலை கற்றார்கள் என்று தாத்தா சொல்வார். கம்பெனி பெயரிலேயே 'அண்ட் சன்ஸ்' இருக்கிறதே. தொழிலையும் குடும்பத்தையும் ஒன்றாக நடத்திய நல்ல குடும்பஸ்தர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.

---

நம்பியாற்றங்கரை எழுதியது:

அண்ணாச்சி, நல்ல பதிவு. ஆனால் 'மதுரைக்காரர்' என்று சுவரில் மாட்டிவிட்டீர்களே, எங்கள் ஊர்ப் பேச்சே காணோமே! டி.வி.எஸ். என்பதில் 'டி' திருக்குறுங்குடி. நாங்குநேரி, களக்காடு பக்கம், மலையடிவாரம். அழகிய நம்பி கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. 'வி' அவருடைய அப்பா வெங்காரம் ஐயங்கார். ஊரும் அப்பா பேரும் போட்டு இன்ஷியல் வைப்பது அந்தக் காலத்து வழக்கம்தான். இருந்தாலும் இந்த நாட்டில் ஓடுகிற லட்சக்கணக்கான வண்டிகளில் எங்கள் ஊரின் முதலெழுத்து ஒட்டியிருக்கிறது என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பிள்ளைகளும் மதுரையில் வளர்ந்தாலும் 'டி.எஸ்.' என்றுதான் போட்டுக்கொண்டார்கள். அந்த 'டி'யும் எங்களுடையதே.

கோயிலுக்கு அந்தக் குடும்பம் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. பேரன் வேணு சீனிவாசன் காலத்தில் நடந்த திருப்பணியை ஊரில் எல்லாரும் சொல்வார்கள்.

---

பழைய கார்பரேட்டர் எழுதியது:

நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்தது வண்டி மட்டும்தான், அதைச் சொல்கிறேன்.

நேரத்துக்கு வண்டி விடுவது என்றால் போர்டில் டைம் எழுதிப் போட்டால் ஆகிவிடாது. அப்போதைய ரோட்டில் வண்டிக்கு முதல் எதிரி மாட்டு லாட ஆணி. கட்டை வண்டி மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுகிற ஆணி ரோடு முழுக்கக் கிடக்கும். டயர் ஏறினால் பஞ்சர். பஞ்சர் ஆனால் ஒரு மணி நேரம் போச்சு, அப்புறம் யார் கடிகாரம் திருப்புவது? அதற்காக காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள். என் குருநாதர் இதைச் சொல்லும்போது கையால் அந்தக் காந்தத்தின் அகலத்தைக் காட்டுவார். ரோடு சர்க்காருடையது, ஆணி யாரோ ஒரு மாட்டுடையது. சுத்தம் செய்தது பஸ்காரர். 'நம்ம வேலை இல்லை' என்று விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று கேஸ் பிளாண்ட். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. பல பஸ்கள் ஷெட்டில் நின்றன. அப்போது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று ஒன்றைச் செய்து வண்டிகளில் மாட்டினார்கள். கரி பஸ். பின்பக்கம் பெரிய பீப்பாய் மாதிரி உருளை இருக்கும். அதில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுத்தால் வண்டி ஓடும்.

சொல்ல எளிது. காலையில் வண்டி எடுக்கிறதுக்கு வெகு நேரம் முன்னாலேயே ஆள் வந்து நெருப்பு மூட்டி, ஊதுகுழல் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கு மேலும், அடிபட்டுப் போகும். மேடு வந்தால் வண்டி முனகும். வாயு விஷம் என்பதால் மூடின ஷெட்டுக்குள் மூட்டக் கூடாது. வழியில் கரி போட வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பஸ் ஓடியது.

டயரும் அப்படித்தான். 1942ல் மலாயா ஜப்பான்காரர் கைக்குப் போனதும் ரப்பருக்குத் திண்டாட்டம். தேய்ந்த டயருக்குப் புது மேல்தோல் போடும் ரீட்ரெடிங் வேலையை இவர்கள் தொழிற்சாலையாகவே நடத்தினார்கள். இன்றைக்கு எந்த பஸ் டிப்போவிலும் ரீட்ரெட் டயர் சாதாரணம்.

---

செட்டிநாட்டுப் பேத்தி எழுதியது:

எங்கள் ஆயாவுக்கு பஸ் என்றாலே டி.வி.எஸ். பஸ்தான். வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் "டி.வி.எஸ்.ல வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து பலகாரச் சட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் மதுரையில் இறக்கிக் கொடுத்துவிடுவாராம். ரசீது கிடையாது, ஒன்றும் கிடையாது.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

கரி பஸ், காந்த வண்டி எல்லாம் சரி. அதில் எனக்குத் தகராறு இல்லை. பதிவு போட்டவரிடம் ஒரு கேள்வி. 'நல்ல குடும்பஸ்தர்' என்று எழுதி ஐந்து மகன்கள் பெயரையும் வரிசையாகப் போட்டீர்கள். மூன்று மகள்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே? 'அண்ட் சன்ஸ்' என்று பலகை வைத்தவரை நீங்களும் 'அண்ட் சன்ஸ்' என்றே நினைவு வைத்திருக்கிறீர்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். மதுரை, திண்டுக்கல் ஜில்லாவில் அந்தக் குடும்பத்திலேயே ஜனங்கள் 'அம்மா' என்று கூப்பிட்டது அவரை மட்டும்தான். அவருடைய மறுமணத்துக்கு வீட்டில் முதலில் சம்மதம் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு அப்பாவுக்குக் குடும்பஸ்தர் பட்டம் கொடுத்தால் நான் ஒத்துக்கமாட்டேன். பெயருக்குப் பொருத்தமாகத்தான் பேசுகிறேன்.

---

வெளிவீதி எழுதியது:

அண்ணே, விட்டது வேண்டுமென்றே இல்லை. தாத்தா சொன்னது எல்லாம் ஒர்க் ஷாப் கதை, அதில் மகன்கள்தான் வருவார்கள். சௌந்தரம் அம்மாவைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது. சின்னாளபட்டி ஆள் ஒருத்தர் இங்கே இருக்கிறாரே?

---

சுங்குடி எழுதியது:

இருக்கிறேன். எங்கள் அம்மா காந்திகிராமத்தில் படித்தவர், அதனால் இந்தக் கதை எனக்குத் தாலாட்டோடு வந்தது.

சௌந்தரம் அம்மா 1904ல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். மதுரைப் பக்கம் பிளேக் வந்தபோது அந்த நோய்க்கே அவரும் பலியானார். அப்போது அம்மா பதின்வயதைத் தாண்டாத பெண். கடைசி நாட்களில் அவர் மனைவியிடம், நீ படி, மறுபடி வாழ்க்கை அமைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்து வைதீகக் குடும்பத்தில் இளம் விதவையை என்ன செய்வார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் அந்தப் பெண்ணைப் படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. 1936ல் டாக்டர் பட்டம். அப்போது அம்மாவுக்கு வயது 32. இன்றைக்கு 32 வயதில் படிப்பை முடிக்கும் பெண்ணிடமே நாலு பேர் 'இனிமேல் எதுக்கு' என்று கேட்கிறார்கள்.

டெல்லியில்தான் சுசீலா நய்யார் பழக்கம், அதன் வழியாக காந்தியின் வட்டம். ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்ததும் அந்த வட்டத்தில்தான். அவர் மலையாளி, வேறு சாதி. ஒத்துக்கமாட்டேன் சார் சொன்ன மாதிரி வீட்டில் ஒப்பவில்லை. விஷயம் காந்தியிடம் போனது. ஒரு வருஷம் பிரிந்திருங்கள், கடிதம்கூட வேண்டாம், அதற்கப்புறமும் இதே மனது இருந்தால் கல்யாணம் என்றார் அவர். ஒரு வருஷம் ஆனது, மனது மாறவில்லை. 1940 நவம்பர் 7ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது.

1947ல் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் பக்கத்தில் காந்திகிராமம் ஆரம்பமானது. பிரசவ ஆஸ்பத்திரி, ஆதரவில்லாத குழந்தைகளுக்கு இல்லம், பெண்களுக்குத் தொழிற்பயிற்சி, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இதற்கிடையில் ஆத்தூர் தொகுதி எம்.எல்.ஏ., 1962ல் திண்டுக்கல் எம்.பி., மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சர். அதே 1962ல் பத்ம பூஷண். 1984ல் காலமானார். 2005ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள்.

எங்கள் தெருவில் காந்திகிராமத்துக் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறக்காதவர்கள் குறைவு. நானும் அங்கேதான் பிறந்தேன். டி.வி.எஸ். பஸ் எனக்கு வெறும் கதை. அந்த ஆஸ்பத்திரி அப்படியில்லை.

---

செட்டிநாட்டுப் பேத்தி எழுதியது:

அக்கா, இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். ஒத்துக்கமாட்டேன் சார் கல்யாண விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தைய படிதான் பெரிது என்பேன். வாசல் தாண்டக்கூடாத பெண்ணை ரயில் ஏற்றி டெல்லிக்கு அனுப்பி, வருஷக்கணக்கில் படிக்க வைத்த வீடு அது. அக்கம்பக்கம் சும்மா இருந்திருக்குமா? லட்சுமி அம்மாள் காதில் எத்தனை விழுந்திருக்கும்!

எங்கள் ஆயாவின் தங்கை அதே வயதில் விதவையானவர். கட்டுக்கட்டாகப் பணம் இருந்த வீடு. அவர் கடைசிவரை வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டிலேயே இருந்தார். பணம் இருந்தால் எல்லாம் நடந்துவிடாது.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

பேத்தி அம்மா, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 'படி' என்று சொன்னது செத்துப்போன கணவர். படித்தது அந்தப் பெண். கல்யாணம் செய்துகொள் என்று வழிவிட்டது காந்தி. அப்பாவின் பங்கு, படிப்புச் செலவைக் கொடுத்ததும் தடுக்காததும். அதற்கு மரியாதை உண்டு. ஆனால் நாம் பெண்கள் விஷயத்தில் 'தடுக்கவில்லை' என்பதற்கே ஆண்களுக்கு மாலை போட்டுப் பழகிவிட்டோம்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

சார், தடுக்காததை லேசாகச் சொல்லிவிட்டீர்கள். 1920களில் அந்தச் சமூகத்தில் தடுக்காமல் இருப்பதே ஒரு வேலை. எத்தனை பேரிடம் எத்தனை தடவை பதில் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சம்மதிக்காததை வைத்து மனிதரை எடைபோடுவதானால், 1940ல் அறுபது வயதைத் தாண்டிய வைதீக ஐயங்கார்கள் எத்தனை பேர் விதவை மகளின் சாதி மாறிய மறுமணத்துக்கு முதல் பேச்சிலேயே தலையாட்டியிருப்பார்கள்?

சரி, நான் தொழில் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 'குடும்பஸ்தர்' என்பதற்கு என் அளவுகோல் வேறு. அப்பா போன பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பேன். ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

பஸ் வைத்திருந்தவருக்கு உதிரிபாகம் வேண்டும். அதற்காக ஸ்டாக் வைத்தவர், அதையே மற்றவர்களுக்கும் விற்றார். வண்டி விற்பனை வந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் எல்லாம் அப்படி வந்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு இந்தியாவிலேயே பெரிய விற்பனையாளர் என்ற அளவுக்குப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வெளியே வாங்க முடியாவிட்டால் இங்கேயே செய்ய வேண்டும். மகன்கள் காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960களின் தொடக்கத்தில் வரிசையாக வந்தன. சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் என்று ஒரு வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்ட மாதிரி கம்பெனிகள்.

அப்பா இருக்கும்போதே 1954ல் சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். போட்ட முதல் 2 லட்சம் ரூபாய். லாரி வாங்க ஆசைப்படுகிற டிரைவருக்குக் கடன் கொடுக்க அன்றைய பேங்குகள் தயாராக இல்லை. அந்த இடத்தில் போய் நின்றார்கள். தமிழ்நாட்டில் சொந்த லாரி வாங்கிய எத்தனையோ பேரின் முதல் தவணைப் புத்தகம் அங்கே போட்டது.

துரைசாமி முன்னாலேயே காலமாகிவிட்டதால், மீதி நான்கு மகன்களின் நான்கு கிளைகளாகத் தொழில் நடந்தது. ஆளுக்கு ஆள் தனிக் கம்பெனி, ஆனால் மேலே பொதுவில் மதுரைத் தாய்க் கம்பெனி. இந்த ஏற்பாடு பேரன், கொள்ளுப்பேரன் காலம்வரை ஓடியது. 2020 கடைசியில்தான் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். 2022ல் யார் நடத்துகிறார்களோ அவர்களுக்கே அந்தந்தக் கம்பெனி என்று ஆனது. 1911லிருந்து கணக்குப் போட்டால் நூறு வருஷத்துக்கு மேல். அதற்கும் ரோட்டில் இறங்கிச் சண்டை போடவில்லை. இந்திய வியாபாரக் குடும்பங்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று என் கட்சிக்காரர்களைக் கேட்டால் தெரியும்!

---

நம்பியாற்றங்கரை எழுதியது:

பஸ் என்ன ஆச்சு என்று யாரும் சொல்லவில்லையே?

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

தமிழ்நாடு அரசு பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது அதுவும் போனது. 1972ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உண்டானது. டி.வி.எஸ். பஸ்களும் ஊழியர்களும் அங்கே மாறினார்கள். ஐயங்கார் அதைப் பார்க்கவில்லை.

---

பழைய கார்பரேட்டர் எழுதியது:

அந்த மாற்றத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் பழைய டிரைவர்கள் டைம் கீப்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம், "ரெண்டு நிமிஷம் லேட்டா எடுக்கச் சொல்றே" என்று. என் குருநாதர் சொன்னது. மிகைப்படுத்திச் சொல்கிற ஆள்தான் அவர், ஆனால் எனக்குப் பிடித்த கதை.

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

கணக்கப்பிள்ளை சொன்ன நூறு வருஷ ஒற்றுமையை ஏற்றுக்கொள்கிறேன். அது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கேயும் பாருங்கள், நான்கு கிளை என்றால் நான்கு மகன்களின் கிளை. மகள்களுக்குக் கிளை இல்லை. அன்றைக்குச் சட்டமும் அப்படித்தான், வழக்கமும் அப்படித்தான் என்று சொல்வீர்கள். தெரியும். இந்து வாரிசுரிமைச் சட்டமே 1956ல்தான் வந்தது, அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து. அதனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பஸ் விஷயத்தில் ஊர் வழக்கத்தை உடைத்தவர், ஊரே 'ஆள் சேரட்டும்' என்று காத்திருந்தபோது ஒற்றை ஆளோடு வண்டி எடுத்தவர், வீட்டு விஷயத்தில் ஏன் ஊரோடு நின்றார் என்பதுதான் என் கேள்வி.

---

சுங்குடி எழுதியது:

நல்ல கேள்வி சார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அந்த மகளின் குணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அப்பா வக்கீலாகு என்ற தன் அப்பாவின் ஆசையைக் கைவிட்டு, 34 வயதில் எல்லாரும் வேண்டாம் என்று நினைத்த வேலையில் இறங்கினார். மகள் முப்பதைத் தாண்டி டாக்டராகி, வீடு வேண்டாம் என்ற கல்யாணத்தைச் செய்து, பெரிய ஊரில் கிளினிக் போட்டுச் சம்பாதிக்காமல் பொட்டல் காட்டில் ஆஸ்பத்திரி கட்டினார். இரண்டு பேரும் ஒரே ரகம். தன்னை மாதிரியே இருக்கிற பிள்ளையோடுதான் அப்பாக்களுக்கு ஒத்துப்போகாது, இது எங்கள் வீட்டிலும் உண்டு.

காந்திகிராமத்தில் வேலை நடந்த முறையைப் பற்றி அம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காலையில் மணி அடித்தால் எல்லாரும் பிரார்த்தனைக்கு வந்துவிட வேண்டும். பிந்தி வருகிறவர்களை சௌந்தரம் அம்மா திட்ட மாட்டாராம், ஒரு பார்வை பார்ப்பாராம். அதற்குத் திட்டே தேவலை என்பார் எங்கள் அம்மா. எனக்கு வெளிவீதி சாரின் பதிவைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. காதியும் கிராமமுமாகப் போனவரிடம் அப்பா வீட்டு டைம் டேபிள் மட்டும் கூடவே வந்துவிட்டது.

---

செட்டிநாட்டுப் பேத்தி எழுதியது:

அக்கா, லட்சுமி அம்மாளைப் பற்றி ஏதாவது தெரியுமா? எல்லாரும் அப்பா, மகள், மகன் என்கிறோம். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவரைப் பற்றி இழையில் ஒரு வரிதான் இருக்கிறது, அதிலும் பேர் மட்டும்.

---

சுங்குடி எழுதியது:

மதுரையில் அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, டி.வி.எஸ். லட்சுமி பள்ளி. அதற்குமேல் மதுரைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

வெளிவீதி எழுதியது:

அந்தப் பள்ளியில்தான் நான் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தேன். அவரைப் பற்றி யாரும் எங்களுக்கு வகுப்பில் சொன்ன ஞாபகமில்லை. பேத்தி அம்மா கேட்டது சரியான கேள்வி. என் அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, தாத்தாவோடு அந்த வீட்டுக் கொலுவுக்கெல்லாம் போனவர். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டு எழுதுகிறேன்.

ஒத்துக்கமாட்டேன் அண்ணே, தலைப்பில் 'நல்ல குடும்பஸ்தர்' என்று போடாமல் கேள்வியாகத்தான் போட்டேன், கவனித்தீர்களா?

---

ஒத்துக்கமாட்டேன் எழுதியது:

கவனித்தேன். பதிவின் கடைசியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுதான் வம்பு. 'பிடிவாதக்கார அப்பா, அவரைவிடப் பிடிவாதக்கார மகள்' என்று மாற்றினால் கையெழுத்துப் போடுகிறேன். அத்தை சொல்வதை மறக்காமல் எழுதுங்கள்.

---

பழைய கார்பரேட்டர் எழுதியது:

கரி பஸ் படம் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? பீப்பாய் தெரிகிற மாதிரி பின்பக்கத்திலிருந்து எடுத்தது வேண்டும். பட்டறையில் பையன்களுக்குச் சொன்னால், கரியில் பஸ் ஓடியது என்பதை ஒருத்தனும் நம்ப மாட்டேன் என்கிறான்.